டியூப் இல்லாத டயருக்கு ராஜையன் சொன்ன சாட்சி

எதிர்வீட்டு ராஜையனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் எழுதுகிறேன். நான் எழுதாவிட்டால் சுந்தரராஜ் சொல்வதுதான் ஊரில் நிற்கும். அவன் சொல்லுகிற விதத்தில் இது ஒரு சிரிப்புக் கதை. கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நானும் ஒரு தடவை சிரித்தேன். அதை அதனுடைய இடத்தில் சொல்கிறேன்.

ராஜையனுக்கு ஐம்பத்துநான்கு வயது. குலசேகரம் போகும் வழியில் ரப்பர் பால் வாங்கும் ஒரு சென்டரில் வேலை. பால் வெட்டுகிறவர்கள் காலையில் கேன்களில் பாலைச் சுமந்துகொண்டு வருவார்கள். ராஜையன் ஒவ்வொரு கேனிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, அதில் கண்ணாடி மீட்டரை மிதக்கவிட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து எழுதுவார். இருபத்தேழு வருடமாக இதே வேலை. கேனில் ஒரு செம்பு தண்ணீர் கூடுதலாகப் போயிருந்தால் மீட்டரைப் போடுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். கேனைச் சாய்க்கும்போது பால் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். மனைவியின் தம்பி சுந்தரராஜுக்கு வீட்டுக்குப் பின்னால் நாற்பது மரம் உண்டு. அவனுடைய கேனையே ஒரு நாள் எல்லோர் முன்னிலும் திருப்பி அனுப்பியிருக்கிறார். சத்தம் போடவில்லை. "இன்னைக்கு இது வேண்டாம் லே, கொண்டு போ" என்று மட்டும் சொன்னார். அவன் அதை இன்றுவரை மறக்கவில்லை என்பது என் எண்ணம். அவனைக் கேட்டால் இல்லை என்பான்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் சாட்சி சொல்ல நேரம் கொடுப்பார்கள். மகனுக்கு விசா கிடைத்தவர், ஆபரேஷன் முடிந்து பிழைத்தவர், புதுவீட்டுக்குப் பால் காய்ச்சியவர் என்று யாராவது எழுந்து கடவுள் தனக்குச் செய்த நன்மையைச் சொல்வார்கள். எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு தாராளம் உண்டு. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததற்குக்கூட எழுந்திருப்பார்கள். ராஜையன் ஒரு தடவைகூட எழுந்ததில்லை. கர்வம் பிடித்த மனுஷன் என்று சிலர் சொன்னார்கள். நான் அவரிடமே கேட்டிருக்கிறேன்.

"அப்பிடி இல்ல சாரே. நான் எழும்பி ஒண்ணு சொன்னா, அது நூத்துக்கு நூறு நடந்ததா இருக்கணும். கொஞ்சம் கூட்டியும் கொஞ்சம் குறைச்சும் சொல்லுததுக்கு ஆண்டவருக்க முன்னே எனக்கு பயம்" என்றார்.

நான் தக்கலையில் பள்ளிக்கூட வாத்தியார். கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பொய் சொல்லாத மனிதர்களைக் கண்டால் எனக்கு மரியாதையும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும்.

சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். ராஜையனுக்குச் சர்க்கரை ஏறியதும் டாக்டர் உடம்பை அசைக்கச் சொல்லிவிட்டார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஜாஸ்மி அப்பாவுக்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கி அனுப்பினாள். வீட்டிலிருந்து சென்டர் ஏழு கிலோமீட்டர். பாதி வழி ரப்பர் தோட்டத்துக்குள்தான். எங்கள் பக்கத்தில் மரத்தில் பால் வடிய வைக்கிற சிரட்டையை ஒரு கம்பி வளையத்தில்தான் நிறுத்தியிருப்பார்கள். மரம் பருக்கப் பருக்க அந்தக் கம்பி தெறித்துத் துண்டு துண்டாகக் கீழே விழும். சருகுக்கு அடியில் கிடப்பது கண்ணுக்குத் தெரியாது. வாரத்துக்கு இரண்டு தடவையாவது ராஜையனின் டயரில் ஏறிவிடும்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் அப்படிப் பஞ்சராகி, சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர் சென்டருக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் தாமதமாகிவிட்டது. பால் உறையாமல் இருக்க அமோனியா மருந்து கலக்கும் அறையின் சாவி அவரிடம்தான் இருந்தது. வெயிலில் நின்ற கேன்களில் கிளாரா கொண்டுவந்த இரண்டும் உறைந்து கட்டியாகிவிட்டன. கிளாரா முந்நூறு மரம் வெட்டுகிறவள். விடியும் முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினால்தான் அந்த இரண்டு கேன் நிறையும். அவள் கட்டியான பாலைக் கையால் அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டு போனாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் போட்டார். அவள்தான் டியூப் இல்லாத டயரைப் பற்றிச் சொன்னாள். ரிம்மின் உள்பக்கம் முழுக்கக் காற்று போகாத நாடாவை ஒட்டி, டயரை மாட்டி, அதற்குள் ஒரு வகை ரப்பர் பாலை ஊற்றி, ஒரே மூச்சில் காற்றடிக்க வேண்டும். டயரின் விளிம்பு இரண்டு பக்கமும் ரிம்மில் போய் 'டப்' என்று உட்கார்ந்துகொள்ளும். பிறகு கம்பி குத்தினாலும் உள்ளே இருக்கிற பால் ஓடிவந்து ஓட்டையை அடைத்துவிடும். வீட்டிலேயே செய்யலாம் என்று வீடியோக்களும் அனுப்பினாள்.

"டயரும் நாடாவும் வால்வும் அனுப்பு மக்கா. பால் மட்டும் அனுப்பாத. எனக்கா பாலுக்குப் பஞ்சம்?" என்றார் ராஜையன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அந்த மனிதர் பெருமையாகச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கூரியர் வந்ததும் வேலை தொடங்கியது. சாயங்காலம் அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரங்களைக் கழற்றும்போது நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். முதல் நாள் கைப்பம்பை வைத்து மாறி மாறி அடித்தோம். நாங்கள் அடித்த காற்றெல்லாம் டயரைச் சுற்றிலும் புஸ்ஸென்று போனது. ஒரு கட்டத்தில் ஒரு பக்கம் படாரென்று விலகி, உள்ளே ஊற்றியிருந்த பால் பீய்ச்சி அடித்தது. என் சட்டை, சுவர், கொடியில் கிடந்த செல்லபாயின் வெள்ளைச் சேலை எல்லாவற்றிலும் பட்டது. செல்லபாய் ராஜையனின் மனைவி. அது அவள் திருவிருந்து ஞாயிறுக்கு மட்டும் உடுத்துகிற சேலை. ரப்பர் பால் பட்டுக் காய்ந்த துணியை எந்தச் சோப்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. அவள் அதை எடுத்துப் பார்த்தாள், உள்ளே கொண்டு போனாள்.

இரண்டாம் நாள் செய்த தப்பு ரப்பர் வீட்டு ஆட்களுக்கு மட்டுமே வாய்க்கும். ரிம்மைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும் என்று ஷெட்டில் கிடந்த ஒரு துணியை எடுத்துத் துடைத்தார். அது பாலை ரப்பர் ஷீட்டாக உறைய வைக்கிற தட்டுகளைத் துடைக்கும் துணி. பாலை உறைய வைப்பதே ஆசிட்தான், அந்தத் துணியில் எப்போதும் ஆசிட் ஈரம் இருக்கும். ஊற்றிய பால் பத்து நிமிடத்தில் டயருக்குள் திரண்டு இட்லி மாதிரி வந்தது. பாலோடு இருபத்தேழு வருடம் புழங்கிய மனுஷன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அது நல்ல சிரிப்பு.

மூன்றாம் நாள் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். பலனில்லை. நான்காம் நாள் மகள் சொன்னபடி ஒரு பழைய டியூபை உள்ளே போட்டுக் காற்றடித்து, விளிம்புகளை உட்கார வைத்தார். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி டியூபை உருவிவிட்டுப் பாலை ஊற்றி அடிக்க வேண்டும். ஒரு பக்கம் உட்கார்ந்தபடியே இருந்தது. மறுபக்கம் வரவே இல்லை. அந்த நாலு நாளும் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மாத்திரையையும் மறந்தார். வீடு முழுக்க அமோனியா நாற்றம். செல்லபாய் கடைசியில் வாய்விட்டுக் கத்தினாள்.

"சக்கரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு கிடங்க! சர்க்கரை ஏறி விழுந்தா, அந்த டயரு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு போவுமா?"

அப்போதுதான் சுந்தரராஜ் வந்தான். அவனுக்கு ஜங்ஷனில் பஞ்சர் ஒட்டும் கடை உண்டு.

"எனக்க கடையிலே கம்ப்ரசர் உண்டுல்லா அத்தான். ரெண்டு சக்கரத்தையும் தாருங்க. ஒரே அடியிலே உக்காத்தித் தாரேன்."

ராஜையன் கொஞ்சம் யோசித்தார். "காத்து மட்டும் நீ அடி. பால் நான் கலந்ததைத்தான் ஊத்தணும்" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார். சக்கரங்களைக் கொடுப்பதற்கு முன் அவற்றின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. ஜெபம்தான் பண்ணினார். சுந்தரராஜ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கடையில் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். சுந்தரராஜ் கம்ப்ரசரை வைத்து இரண்டு தடவை அடித்துப் பார்த்தான். நிற்கவில்லை. அந்த ரிம் அதற்குத் தோதானது இல்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அக்காளுக்குப் போன் போட்டான். "டியூபைப் போட்டு மூடி கொண்டு வா லே. அவருகிட்ட பறையண்டாம். மனுஷன் சோறு தின்னட்டு" என்றாள் அவள். அவன் இரண்டு சக்கரத்திலும் புது டியூபைப் போட்டான். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ராஜையன் சக்கரத்தைக் குலுக்கிப் பார்ப்பார், உள்ளே பால் சளசளக்கிற சத்தம் கேட்காவிட்டால் சந்தேகப்படுவார் என்று அவனுக்குத் தோன்றியது. வால்வின் நடு ஊசியைக் கழற்றி, ராஜையன் கலந்துகொடுத்த பாலை அந்த டியூப்களுக்குள்ளேயே கொஞ்சம் ஏற்றினான். அந்தச் சத்தத்துக்காக மட்டும் அப்படிச் செய்தான்.

மறுநாள் சக்கரங்களைக் கொண்டுவந்து வைத்து "நின்னுட்டு அத்தான்!" என்றான். ராஜையன் ஒரு சக்கரத்தைத் தூக்கிக் காதருகே வைத்துக் குலுக்கினார். சளசளவென்று கேட்டது. இன்னொன்றையும் குலுக்கினார். சோப்பு நுரையை விளிம்பில் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு. "சாரே, இஞ்ச வந்து கேளுங்க" என்று என்னையும் கேட்க வைத்தார். அன்றைக்கு எனக்கும் தெரியாது. நானும் சந்தோஷப்பட்டேன்.

இரண்டரை மாதம் பஞ்சரே இல்லை. டியூபுக்குள் இருந்த பால் சின்னச் சின்னக் குத்துகளை அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ராஜையன் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகவில்லை. ஜூன் மாதம் முதல் ஞாயிறு. பிரசங்கம் முடிந்து போதகர் "சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள்" என்று சொன்னதும், ஆண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் ராஜையன் எழுந்து நின்றார். சபையே திரும்பிப் பார்த்தது.

"எனக்கு சாட்சி சொல்லிப் பழக்கம் இல்ல. இது சின்ன காரியம். சைக்கிள் டயருதான். ஆனா நான் பிந்திப் போனதாலே ஒரு பாவப்பட்ட பொம்பளைக்க உழைப்பு வீணாப் போச்சு. இனி அப்பிடி ஆகக்கூடாதுன்னு நாலு நாள் முயற்சி பண்ணினேன், முடியல்ல. அஞ்சாவது நாள் ஜெபிச்சு குடுத்தேன். டியூப் இல்லாமலே நின்னுது. ரெண்டரை மாசமா நிக்குது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் "ஆமென்" என்றார்கள். என் சத்தம் கொஞ்சம் பலமாகவே இருந்தது. பாட்டுக்காரர்கள் வரிசையில் சுந்தரராஜ் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு இருமினான். செல்லபாய் பெண்கள் பக்கத்தில் பைபிளைத் திறந்து வைத்துக் குனிந்திருந்தாள்.

அந்த வாரமே சுந்தரராஜ் டீக்கடையில் என்னைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னான். அத்தான் சக்கரத்தைக் காதில் வைத்துக் கேட்டது, குரல் நடுங்கச் சாட்சி சொன்னது எல்லாவற்றையும் நடித்தே காட்டினான். நான் சிரித்தேன். டீ புரைக்கேறும்வரை சிரித்தேன். "ஆளுகிட்ட சொல்லிராதிங்க சாரே" என்றான். "நான் எதுக்குச் சொல்லப்போறேன்" என்றேன். மறுநாள் செல்லபாயும் வேலிப்பக்கம் வந்து, "சுந்தரராஜ் உங்ககிட்ட சொன்னானாமே. அவருக்குத் தெரியண்டாம் சாரே" என்றாள். சரி என்று தலையாட்டினேன். ஒரு மாதத்துக்குள் ஊரில் பாதிப்பேருக்குத் தெரிந்திருந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சாட்சியைக் கேட்ட கிளாரா, மகனுடைய பழைய கியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"எனக்கும் அதுபோல ஒண்ணு செய்து தாருங்க அண்ணே. தோட்டத்துக்குள்ள எனக்கும் கம்பி ஏறுது."

ராஜையன் மகளிடம் சொல்லி அவளுக்கும் டயர் வரவழைத்தார். மூன்று ஞாயிறு மத்தியானம் முழுக்க அந்தச் சக்கரங்களோடு மல்லுக்கட்டினார். நிற்கவே இல்லை. எப்படி நிற்கும்? அவருடையதே நிற்கவில்லையே. மூன்றாவது ஞாயிறு கிளாரா "விடுங்க அண்ணே, போவட்டு" என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, பால் அப்பிய கையோடு என்னிடம் சொன்னார்:

"எனக்குள்ளது நின்னுது, அவளுக்குள்ளது நிக்கல்ல. அப்ப நான்தான் எங்கயோ பிழை செய்யுதேன். சாட்சி சொன்னதுக்குப் பொறவு மனசிலே பெருமை வந்துட்டோ என்னமோ."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வெயில் ஜாஸ்தி, அதுதான் நிக்கல்ல போல" என்றேன். கணக்கு வாத்தியார் சொல்கிற பதிலா அது? செல்லபாய் உள்ளே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மனுஷன் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அவர் நல்லதற்குத்தான் மறைத்தோம் என்று இனி யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது, என்மேலும் சேர்த்து.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் சென்டருக்குப் பக்கத்தில் உடைந்த பாட்டில் ஏறி முன்சக்கரம் அரை விரல் நீளத்துக்குக் கிழிந்தது. ராஜையன் பதறவில்லை. இவ்வளவு பெரிய கிழிசலைப் பால் அடைக்காது, உள்பக்கம் ஒட்டுப் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பால் அளந்து முடிந்த பிறகு, கிளாராவும் இன்னும் நாலைந்து பேரும் பார்த்து நிற்க, சென்டர் வாசலில் வைத்தே டயரை நெம்பினார். இதை எனக்குச் சொன்னவள் கிளாராதான். நெம்புகிற கம்பியோடு கறுப்பாக ஒன்று வெளியே வந்தது என்றாள். ராஜையன் அதைப் பிடித்து இழுத்தார். முழு டியூபும் வந்தது. ஒருவன் சிரித்துவிட்டான். மற்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையிலேயே ராஜையனுக்குப் புரிந்திருக்க வேண்டும், இது அவர்களுக்குப் புதிது இல்லை என்று.

அவர் உடனே பின்சக்கரத்தையும் பிரித்தார். அதிலும் டியூப். பிளேடால் அதைக் கீறி, உள்ளே இருந்த பாலை விரலில் தொட்டு மோந்து பார்த்தார். அது அவர் கலந்த பால் என்பது அவருக்குத் தெரியாதா? எதற்காக அது டியூபுக்குள் இருக்கிறது என்பது பிடிபட அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது என்றாள் கிளாரா. "பொறவு டியூபை லேசா குலுக்கிப் பாத்தாரு சாரே. அப்பம் அவருக்க மொகம் போன போக்கை என்னால பாக்க முடியல்ல."

சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு ஏழு கிலோமீட்டரும் நடந்தே வந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது செல்லபாய் வாசலில் நின்று "சாரே, ஒண்ணு வாருங்க" என்று கூப்பிட்டாள். பயந்துபோயிருந்தாள். ராஜையன் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு டியூபும் கிடந்தன.

"உங்க நல்லதுக்குத்தானே செய்தேன். நாலு நாளா சோறு இல்ல, மருந்து இல்ல. நான் பின்ன என்ன செய்ய?" என்று செல்லபாய் அழுதாள்.

"டியூப் போட்டதை நான் கேக்கல்ல" என்றார் ராஜையன். குரல் எழும்பவே இல்லை. "சாட்சிக்கு முந்தின நாள் உனக்கிட்ட வந்து கேட்டனா இல்லியா? நாளைக்கு எழும்பி இதைச் சொல்லலாமா, இது சாட்சி சொல்லுததுக்குள்ள காரியந்தானான்னு கேட்டேன். நீ என்ன சொன்ன?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டு டியூப்களைப் பார்த்தாள்.

"சொல்லுங்க, நல்லதுதானேன்னு சொன்ன. எனக்க சட்டையை இஸ்திரி போட்டுத் தந்த. போட்டுத் தந்தியா இல்லியா ஏட்டி?"

"எப்பிடி நிறுத்துததுன்னு தெரியல்ல. அதுக்குள்ள எல்லாம் கைவிட்டுப் போச்சு" என்றாள். பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் கணவர் அடுத்த நாள் கடவுள் முன்னால் நின்று நடக்காததை நடந்ததாகச் சொல்லப்போகிறார் என்று தெரிந்தும் சட்டையைத் தேய்த்துக்கொடுத்திருக்கிறாள்.

சுந்தரராஜை அவர் தேடிப் போகவில்லை. போதகரிடம்தான் போனார். வருகிற ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு, அன்று எழுந்து அந்தச் சாட்சியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். போதகர் நல்ல மனிதர்தான். தோளில் கைபோட்டு, "விடுங்க ராஜையன். அது எனக்கும் தெரியும். உங்க மனசைக் கர்த்தர் பார்த்திருக்கிறார், டயரை அல்ல" என்றாராம். ஆறுதல் சொன்னதாகத்தான் அவர் நினைத்திருப்பார். ராஜையனின் காதில் "எனக்கும் தெரியும்" என்பது மட்டும்தான் விழுந்திருக்கிறது. அடுத்து சபைச் செயலாளரிடம் போனார். அவரும் தெரியும் என்றார். ஜாஸ்மிக்குப் போன் போட்டார். "அம்மா அப்பவே சொன்னாங்கப்பா. உங்களைக் கஷ்டப்படுத்த வேண்டாமேன்னுதான்..." என்றாள். கிளாராவுக்கும் டயர் வேண்டும் என்று அவர் கேட்டபோது, தெரிந்துகொண்டேதான் அனுப்பியிருக்கிறாள்.

சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். நான் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மூன்று நாள் சவரம் செய்யாத முகம். முப்பது வருடமாக எதிரெதிரே குடியிருக்கிறோம், அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"சாரே, ஒரே ஒரு காரியம் கேக்கணும். இது உங்களுக்கும் தெரியுமா?"

உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு வினாடி இருந்தது. தெரியும் என்று சொல்லியிருந்தால் அவர் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார், அவ்வளவுதான். அடிக்கவா போகிறார்? ஆனால் டீக்கடையில் நான் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. வெயிலைச் சாக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. பயந்துவிட்டேன்.

"இல்ல ராஜையன், எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அது போதும் சாரே. ஒரு ஆளாவது உண்டே" என்றார். காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். மூன்று நாளில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் சாமான் அதுதான்.

மறுநாள் ஆராதனையில் போதகர் கூப்பிட்டதும் எழுந்து நின்றார். செயலாளர் கையைக் காட்டி உட்காரச் சொன்னதை அவர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

"ஜூன் மாசம் இதே இடத்திலே நின்னு நான் சொன்னது உண்மை இல்ல. டயருக்குள்ள டியூப் இருந்துது. எனக்குத் தெரியாது. தெரியாம சொன்னாலும் நான் சொன்னது பொய்தான். அதை இன்னைக்குத் திருப்பி எடுக்கேன். ஆண்டவர் எனக்கு மன்னிக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் உட்காரவில்லை.

"இந்த சபையிலே பெரும்பாலும் எல்லாருக்கும் அது தெரியும். எனக்க வீட்டிலேயும் தெரியும். எனக்கு யாருமேலேயும் வழக்கு இல்ல. ஆனா ஒரு காரியம் சொல்லாம உக்காரக்கூடாது. எனக்க எதிர்வீட்டு சாரு மட்டும் இதிலே சேரல்ல. நேத்து நேரா கேட்டேன், எனக்க மொகத்தைப் பாத்து சொன்னாரு. அப்பிடி ஒரு மனுஷனை எனக்குத் தந்ததுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

"ஆமென்" என்று சிலர் சொன்னார்கள். பாட்டுக்காரர்கள் வரிசையில் சுந்தரராஜ் திரும்பி என்னைப் பார்த்தான். இந்தத் தடவை அவன் இருமவில்லை. பெண்கள் பக்கத்தில் செல்லபாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். போதகர் "வேறு யாராவது உண்டா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நெடுநேரம் காத்திருந்தார். நான் எழுந்திருக்கவில்லை.

ராஜையன் தன்னுடைய வரிசையில் உட்காராமல் என் வரிசைக்கு வந்தார். நான் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.